உப்பைத் தேடிய வழியில் ஷோத்கங்கா: ஒரு பயனரின் மதிப்புரை

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்தபோது, கைவசம் இருந்த நூல்கள் போதாமல் ஷோத்கங்காவுக்குள் நுழைந்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணிய தேடல் மூன்று மாதம் நீண்டது. அதற்கு அந்தத் தளத்தின் வளமும் ஒரு காரணம். அதன் குறைகளும் ஒரு காரணம்.

அறியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்: இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் களஞ்சியம் இது. குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்ததை ஒட்டி இது வளர்ந்தது. இன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இதில் உள்ளன. கட்டணம் கிடையாது, பதிவு செய்து கடவுச்சொல் பெற வேண்டியதும் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் பூட்டிய அலமாரியில் கிடக்கும் ஆய்வேட்டைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதத்தோடு காத்திருந்தவர்களுக்கு, இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேடற்பெட்டியில் 'உப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இட்டதும் வந்து விழுந்தவை என்னைத் திகைக்கவைத்தன. வேதியியல் துறையினருக்கு உப்பு என்றால் அமிலமும் காரமும் சேர்ந்து உருவாகும் எந்தச் சேர்மமும்தான் என்பதால், கறிக்கு உதவாத நூற்றுக்கணக்கான உப்புகள் முதலில் வரிசைகட்டி நின்றன. அவற்றைத் தொடர்ந்து, உவர்நிலத்தைத் தாங்கி வளரும் நெல் வகைகளை ஆராய்ந்த தாவரவியலாளர்கள் வந்தார்கள். உப்பளத்தை நெருங்க, சொல்லை மாற்றி மாற்றிப் பல முறை தேட வேண்டியிருந்தது.

ஆனால் நெருங்கியபின் கிடைத்த செல்வம் பெரிது. வணிகவியல் துறையினர் உப்பின் உற்பத்திச் செலவையும் விற்பனை வழிகளையும் கணக்கிட்டிருந்தார்கள். பொருளியல், சமூகவியல் துறையினர் உப்பு வாரும் பெண்களின் கூலி, கடன், மழைக்கால வேலையின்மை, வெயிலும் வெண்மையும் சேர்ந்து கண்ணுக்குச் செய்யும் கேடு ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதியிருந்தார்கள். நுண்ணுயிரியலாளர்கள், உப்புச் செறிவு ஏறஏறப் பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறுவதற்குக் காரணமான, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களை அதே பாத்திகளிலிருந்து எடுத்து வளர்த்திருந்தார்கள். வரலாற்றுத் துறையினர், 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த யாத்திரையைக் காவல்துறை ஆவணங்களின் வழியே பின்தொடர்ந்திருந்தார்கள். தமிழ்த் துறையினர், உப்பு வண்டிகளோடு பாலை கடந்த உமணரைச் சங்கப் பாடல்களில் தேடித் தொகுத்திருந்தார்கள். குஜராத்தின் பவநகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுப் புலம் ஒரு தனி உலகம். உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் பிரித்தெடுப்பது அங்கே பல்லாண்டு ஆய்வு. நாட்டிலேயே மிக அதிகமாக உப்பு விளைவிக்கும் மாநிலத்திலிருந்துதான் இந்தக் களஞ்சியமும் இயங்குகிறது என்பது தற்செயல்தான் என்றாலும், தேடிக்கொண்டிருந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

இவற்றில் எனக்கு வியப்பளித்தது, ஒரே பாத்தியின் கரையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை என்பது. நான் படித்த நுண்ணுயிரியல் ஆய்வேடுகளில் தொழிலாளர் என்ற சொல், மாதிரி எடுக்க உதவியவர்களுக்கு நன்றி கூறும் இடத்தில் மட்டுமே வந்தது. கூலியை ஆராய்ந்தவர்களுக்கோ பாத்தி நீரின் நிறமாற்றம் ஒரு பொருட்டாகவே இல்லை. துணைநூற்பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொதுவான நூல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நெறியாளர், தனித்தனித் தேர்வாளர் என்றிருக்கும் அமைப்பில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆயினும் இத்தனை பேரையும் ஒரே திரையில் காணும் வாய்ப்பை இந்தத் தளம் வாசகருக்குத் தருகிறது. அதை ஆய்வாளர்கள் போதிய அளவு பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

ஆகவே இதைப் பயன்படுத்த விரும்புபவர்களுக்கு என் முதல் யோசனை, தேடற்பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம் என்பது. பல்கலைக்கழகம், அதன்கீழ்த் துறை, அதன்கீழ் ஆய்வேடு என்னும் அடுக்குமுறையில் தளம் அமைந்திருக்கிறது. தூத்துக்குடியைப் பற்றி அறிய வேண்டுமானால், திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் திறந்து, துறைதுறையாகத் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டே போவது, எந்தத் தேடலையும்விட எனக்கு அதிகம் தந்தது. வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் என்ற தனிக் களஞ்சியம் இருப்பதால், பயிர், மண் தொடர்பானவற்றை அங்கேயும் பார்க்க வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளைத் தேடுவது வேறு வகையான பொறுமையைக் கேட்கிறது. தலைப்பு ஓரிடத்தில் தமிழ் எழுத்தில் இருக்கும். ஓரிடத்தில் ஆங்கில எழுத்தில், பதிவேற்றியவரின் காதுக்கு எட்டியபடி இருக்கும். 'உப்பளம்' என்பதற்கு ஒரு 'பி'யா இரண்டா, 'சிலப்பதிகாரம்' தொடங்குவது 'எஸ்'ஸிலா 'சி'யிலா என்று ஊகித்து ஊகித்துத் தேட வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சான ஆய்வேடுகளில் கோப்பு திறந்தாலும், உள்ளே சொல்லைத் தேட முடிவதில்லை. படியெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வருகின்றன. பழைய ஆய்வேடுகளில் பல, பக்கங்களைப் படம்பிடித்த வருடல்கள் என்பதால் அவற்றைக் கண்ணால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆய்வேடு ஒரே கோப்பாக இல்லாமல், தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, பொருளடக்கம், ஒவ்வோர் இயல், பின்னிணைப்பு என்று தனித்தனி பிடிஎப் கோப்புகளாகக் கிடப்பது முதலில் எரிச்சலூட்டும். பழகியபின் இதில் ஒரு வசதியும் தெரியும்: 80 என்ற எண்ணோடு பெயர் தொடங்கும் பரிந்துரைக் கோப்பில் பெரும்பாலும் முடிவுரை இருக்கும், அதைப் படித்துவிட்டு மற்ற இயல்களைத் திறக்கலாமா என்று முடிவு செய்யலாம். கோப்புகளைச் சரிபார்த்து ஏற்றுவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. அது எல்லா இடத்திலும் ஒரே கவனத்தோடு நடப்பதில்லை. நான் பார்த்த ஓர் ஆய்வேட்டில் நான்காம் இயலைத் திறந்தால் வேறொருவரின் மேலாண்மை ஆய்வு வந்தது. மேற்கோள் காட்டுபவர்களுக்கு இன்னொரு செய்தி: ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் நிலையான எண் உண்டு. தள முகவரி மாறினாலும் அந்த எண் மாறாது என்பதால் அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

தரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முன்னுரையில் உப்பின் வரலாற்றை ஒரே வாசகங்களில் திரும்பத் திரும்ப எழுதிய ஆய்வேடுகளைச் சலிக்கும்வரை படித்தேன். அப்படிப்பட்டவற்றிலும் பின்னிணைப்பைத் திறக்காமல் போகாதீர்கள் என்பேன். வினாப்படிவம், கூலி அட்டவணை, உப்பளக்காரர்கள் பயன்படுத்தும் சொற்களின் பட்டியல் என, வேறெங்கும் அச்சாகாத களச் செய்திகள் அங்கேதான் இருக்கின்றன.

படைப்புக் கலைகளின் பக்கம் வரும்போது களஞ்சியத்தின் எல்லை தெரிகிறது. இசை, நாட்டியம், நாட்டுப்புறவியல் ஆய்வேடுகள் இங்கே உண்டு. சுரக்குறிப்பும் முத்திரைப் படங்களும் அவற்றில் இருக்கின்றன. ஆனால் எல்லாமே தாளுக்கு அடங்கிய வடிவில்தான் வந்து சேர்கின்றன. உப்புச் சுமந்தபடி பாடும் பெண்களின் பாட்டு ஒன்று, ஒரு நாட்டுப்புறவியல் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பதினாறு அடிகளாகக் கிடைத்தது. பாடியவரின் வயதும் ஊரும் குறிக்கப்பட்டிருந்தன. ஒலிநாடாவில் பதிவு செய்ததாக அடிக்குறிப்பும் இருந்தது. ஒலிநாடா தளத்தில் இல்லை. பாட்டைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். அதன் மெட்டு என்ன என்று கேட்டுவர அடுத்த மாதம் தூத்துக்குடி முத்தையாபுரத்துக்குப் போகிறேன்.