240 பவுண்டு போச்சு: ஸ்டட்லி ராயல் போக வேன் பேசுபவர்கள் கவனிக்கவும்

பெயர் போடவில்லை. லண்டனில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் வேன் டூர், எல்லாமே வாட்ஸ்அப்பில்தான்.

யார்க்‌ஷரில் இருக்கும் ஸ்டட்லி ராயல் நீர்த் தோட்டத்தை அப்பா அம்மாவுக்குக் காட்ட, மூன்று பேருக்கு 240 பவுண்டு கட்டினேன். நுழைவு டிக்கெட்டும் அதில் சேர்த்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏரிப் பக்கத்து வாசலில் இறங்கினால் குளங்கள் கிட்ட. விசிட்டர் சென்டர் வழியாகப் போனால் சரிவில் இறங்கி, ஃபவுண்டன்ஸ் மடாலய இடிபாடுகளைத் தாண்டி நடக்கணும். இதை விளக்கமாகச் சொன்னேன். "உங்கம்மா எனக்கும் அம்மா மாதிரிதான் தம்பி, ஏரி வாசல்லயே இறக்கிவிடுறோம்" என்றார் போனில். அந்தப் பேச்சை நம்பி அன்றிரவே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

டிரைவர் இறக்கிவிட்டது விசிட்டர் சென்டரில். அவர்கள் அனுப்பிய டிக்கெட் அங்கே செல்லவில்லை. இப்படி ஒரு டிக்கெட்டே பதிவாகவில்லை என்றார் கவுன்டரில் இருந்த பெண். மூன்று பேருக்கும் மறுபடி காசு கட்டினேன். டிரைவரோ ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பணும் என்கிறார். அம்மா மடாலயம் வரை வந்து, அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். 1132இல் துறவிகள் தொடங்கிய மடம், பிரமாண்டம்தான். ஆனால் நாங்கள் வந்தது அதற்கு அல்ல, நீர்த் தோட்டத்துக்கு. தென்கடல் கம்பெனி பங்கு மோசடியில் பதவி இழந்த நிதியமைச்சர் ஜான் ஐஸ்லபி 1718 முதல் உருவாக்கிய தோட்டம் அது. ஸ்கெல் ஆற்றையே நேர்க் கால்வாயாகத் திருப்பி, ஒரு வட்டக் குளம், இரண்டு பக்கமும் பிறை வடிவக் குளங்கள், கரையில் தூண் வைத்த வெள்ளைக் கோயில். அந்தப் படத்தைத்தான் அம்மா போனில் முகப்பாக வைத்திருந்தார்.

அப்புறம் அலைக்கழிப்பு. "டிரைவர் புதுசு தம்பி." "டிக்கெட் எடுத்தது வேற பார்ட்டி." "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்." நேற்று, "அதே இடம்தானே, பார்த்தாச்சுல்ல?" உடனே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 240 பவுண்டு! வாசலில் கட்டியது தனி.

போகிறவர்கள் டிக்கெட்டை, தோட்டத்தை நடத்தும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் நேரடியாக எடுங்கள். பக்கத்து ஊரான ரிப்பனில் ரயில் நிலையம் கிடையாது, அதை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். லீட்ஸிலிருந்து ஹாரோகேட் வழியாக 36ஆம் நம்பர் பஸ் ரிப்பன் போகிறது, அங்கிருந்து டாக்சி போதும். எந்த வாசல் என்பதை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பவே அனுப்பாதீர்கள். பேங்க்கில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.