கையாலை ஓரச் சரிவும் ஒரு பழைய வி-கிராஸும்: பதினோரு மாத அனுபவம்

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை ரோட்டிலிருந்து எங்கள் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, ஏறும் பாதை முந்நூறு மீட்டர்கூட இருக்காது. பாதி சரல், மீதி செம்மண். கடைசி வளைவில் நெட்டுக்குத்தாக எழும்பி, கையாலை என்கிற கல் அடுக்கிய எல்லைச் சுவர் ஓரமாகத் திரும்பும். போன வருஷம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அந்த வளைவில் என் பழைய பிக்கப் பின்னோக்கி வழுக்கி, அடுத்த விளைக்காரரின் கையாலையில் எட்டுக் கல்லைச் சரித்துவிட்டு நின்றது. வண்டியில் சரக்கு இல்லை. அதுதான் வினை. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்கப்பில் பின்பக்கம் காலியாக இருந்தால், சக்கரம் மண்ணைக் கவ்வ எடை கிடைக்காது. இந்தப் பக்கம் மழைக்காலத்தில் காலி வண்டியில் நாலு மண் மூட்டையைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். அன்றைக்கு நான் போடவில்லை.

மூன்று ஏக்கர் ரப்பர். அப்பாவுக்கு முட்டு தேய்ந்த பிறகு நான்தான் பார்க்கிறேன். உர மூட்டை ஏற வேண்டும், ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பால்) இறங்க வேண்டும். கல்லை அடுக்கிக் கொடுத்த கையோடு, நாலு சக்கரமும் இழுக்கிற செகண்ட் ஹேண்ட் வண்டி தேடத் தொடங்கினேன்.

தேடும்போதுதான் தெரிந்தது, நம் ஊரில் 'ஃபோர் வீல்' என்றால் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு புரோக்கர் அனுப்பிய வண்டி சாதாரணப் பின்சக்கர பிக்கப். கேட்டால், "நாலு வீலு உண்டல்லா அக்கா" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். இன்னொருவர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கூட வந்த என் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். தம்பிக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று 2015 மாடல் ரெனோ டஸ்டர் கார், ஆல் வீல் டிரைவ். இன்னொன்று 2018 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். டஸ்டர் பிக்கப் இல்லைதான். ஆனால் விலை குறைவு, பின் சீட்டை மடக்கினால் ஷீட்டை ஏற்றிவிடலாம் என்று ஒரு சபலம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குலசேகரத்தில் எங்கள் பழைய வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் புரியவைத்தார். டஸ்டரில் குமிழை 'ஆட்டோ'வில் வைத்தால் சாதாரண ரோட்டில் முன்சக்கரங்கள்தான் பெரும்பாலும் இழுக்கும். அவை வழுக்குவது கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும், பின் அச்சுப் பக்கம் உள்ள கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பின்சக்கரங்களுக்கும் இழுவையை அனுப்பும். ஓட்டுகிறவர் எதையும் யோசிக்க வேண்டாம். மழையில் நனைந்த தார் ரோடு, காளிகேசம் போகிற மாதிரிப் பாதை, இதற்கெல்லாம் அதுவே சுகம். 'லாக்' என்று ஒரு நிலையும் உண்டு. ஆனால் அந்தத் தகடுகள் சூடானால் தளர்ந்துவிடும். சேற்றில் விடாமல் உறுமிக்கொண்டே இருந்தால், நமக்குத் தேவையான நேரம் பார்த்து அது ஓய்வெடுக்கப் போய்விடும்.

வி-கிராஸில் கம்ப்யூட்டர் முடிவெடுக்காது, நாம்தான் எடுக்க வேண்டும். கியர்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி. குமிழில் 2ஹெச், 4ஹெச், 4எல் என்று மூன்று நிலை. 2ஹெச்சில் பின்சக்கரம் மட்டும். 4ஹெச்சில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைக் கொண்டுபோகும் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பூட்டு என்றால் பூட்டுதான், நெகிழ்வே இல்லை. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போட வேண்டும். பூட்டியிருக்கையில் அந்த வித்தியாசத்துக்கு எங்காவது ஒரு டயர் வழுக்கியாக வேண்டும். மண்ணில் வழுக்கிவிடும், காய்ந்த தாரில் வழுக்காது. ஸ்டியரிங் கனக்கும், வண்டி திக்கித் திக்கி நகரும், உள்ளே பற்சக்கரங்களுக்குக் கேடு. அதனால் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் 4ஹெச் போட்டுக்கொண்டு போவது வீரம் இல்லை, செலவு.

எனக்கு வேண்டியிருந்தது 4எல், அதாவது லோ ரேஞ்ச். அதில் இழுவை சுமார் இரண்டரை மடங்காகும், வேகம் அதே அளவு குறையும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். அரை டன் சரக்கோடு ஈரச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் முதல் கியரில் ஊர்ந்து இறங்கலாம். டஸ்டரில் முதல் கியரின் வேகத்தைக் குறைவாக வைத்து ஓரளவு ஈடுகட்டியிருக்கிறார்கள், ஆனால் லோ ரேஞ்ச் கிடையாது. மச்சான் அந்த டஸ்டரை வாங்கிக்கொண்டார். அவருக்கு நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று ஓட்டம், அவருக்கு அது பொருந்தும்.

சரி, பழைய வண்டியில் இந்த ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது என்று நம்பக் கூடாது. வி-கிராஸுக்கு முன்னால் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு டபுள் கேபின் வண்டி பார்க்கப் போனோம். "கண்டிஷனான வண்டியாக்கும், ஒண்ணும் பயப்படாண்டாம்" என்றார் விற்கிறவர். மெக்கானிக் அண்ணன் பதில் பேசவில்லை. மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை வைத்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். 2ஹெச்சில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றியது, அது சரி. 4ஹெச்சுக்கு மாற்றினார். விளக்கு எரிந்தது. என்னைக் கூப்பிட்டு, "சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினேன், ராட்டினம் மாதிரி சுற்றியது. முன் தண்டு உண்மையில் பூட்டியிருந்தால் அந்தச் சக்கரம் கல்லாக நிற்க வேண்டும். முன் அச்சில் இழுவையே இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது. சரக்குத் தட்டின் மூலையில் விரிப்பைத் தூக்கினால் மீன் வாடை, கீழே சேஸிஸ் முழுக்கத் துரு. குளச்சலிலோ முட்டத்திலோ ஐஸ் மீன் ஏற்றின வண்டி. மீன் தண்ணீர் உப்பு எங்கெல்லாம் போகும் என்பது கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும்.

நான் வாங்கிய வி-கிராஸ் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தது, கேரளப் பதிவு, கேஎல்-20. விலை 11 லட்சத்து 40 ஆயிரம். அதற்கு மேல் என்ஓசி (தடையின்மைச் சான்று), உரிமை மாற்றப் படிவம் 29, 30, தமிழ்நாட்டு வரி என்று தனிச் செலவு. வெளி மாநில வண்டி விலை மலிவாகத் தெரிந்தால் இதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அதே ஜாக்கிச் சோதனையில் 4ஹெச் பாஸ். முன் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைத் திறந்து எண்ணெயைப் பார்த்தோம், பால் காப்பி நிறம் இல்லை. இருந்தால் தண்ணீர் புகுந்ததாக அர்த்தம். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஆல் வீல் டிரைவ் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு புது டயர், இரண்டு மொட்டை டயர் என்று ஓட்டியிருந்தால், சுற்றளவு வித்தியாசத்தில் அந்தக் கிளட்ச் ஓயாமல் உரசி ஆயுளை இழந்திருக்கும்.

ஆனால் 4எல் விழவில்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை அமுக்கித்தான் போட வேண்டும், அப்படித்தான் போட்டேன். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. முந்தைய உரிமையாளர் டவுனுக்குள் மட்டும் ஓட்டியவர், அந்தக் குமிழை வருஷக்கணக்கில் தொட்டதே இல்லையாம். மாற்றிவிடும் மோட்டாரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றி, 6,800 ரூபாயில் முடிந்தது. விலையில் பதினைந்தாயிரம் குறைத்திருந்ததால் பெரிய வருத்தம் இல்லை. இப்போது தேவை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒரு தடவை விளையில் 4எல் போட்டு நூறடி ஓட்டிவிடுகிறேன்.

பதினோரு மாதத்தில் சொல்லக்கூடியது: 2.5 லிட்டர் எஞ்சின், 134 குதிரைத்திறன். பாரம் ஏற்றினால் அலட்டிக்கொள்ளாது. நான் ஓட்டியதில் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 11, விளைக்கும் வீட்டுக்குமான ஓட்டத்தில் 9. நீளம் சுமார் 5.3 மீட்டர், இதுதான் தலைவலி. சானல் (கால்வாய்) கரை ரோட்டில் எதிரே ஆட்டோ வந்தால் பின்னே போகிறவள் நான்தான். வீட்டு கேட்டுக்குள் முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்தால்தான் நுழையும். காலியாக ஓடினால் பின்பக்கம் தூக்கிப் போடும். அம்மா பின் சீட்டில் ஒரு தடவை ஏறியதோடு சரி, இப்போது முன் சீட்டு அம்மாவுடையது, தம்பி பின்னால்.

முதல் மழையில் ஒரு பாடம் கிடைத்தது. 4எல் போட்டும் அதே வளைவில் நின்றுவிட்டேன். ரோட்டு டயரின் வரியெல்லாம் செம்மண் அப்பி, நாலு சக்கரமும் வழவழவென்று சுற்றியது. நாலு சக்கரம் இழுத்து என்ன, நாலும் வழுக்கினால்? மண்ணையும் கவ்வுகிற ஆழ வரி போட்ட ஆல் டெரெய்ன் டயர் மாற்றிய பிறகு அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்று, ஃபோர் வீல் வாங்கியதும் வேகமாக இறங்கலாம் என்று ஒரு தைரியம் வரும், வர விடாதீர்கள். பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான், அதில் நமக்குத் தனிச் சலுகை ஒன்றும் கிடையாது.

தோட்டமோ மலைச்சரிவோ இல்லாதவர்களுக்கு இந்த வண்டியைச் சொல்ல மாட்டேன். இருக்கிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், கையில் ஒரு ஜாக்கி கொண்டுபோனால்.

போன வாரம் திங்கள்சந்தை வழியாக வந்தேன். அந்த மீன் வண்டி அதே இடத்தில் நிற்கிறது. புதுசாகப் பெயின்ட் அடித்து, கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'ஃபோர் வீல் டிரைவ்' என்று ஒட்டியிருக்கிறார்கள். விலையை நாற்பதாயிரம் ஏற்றியிருக்கிறார்கள்.