ஸ்டெப்-சிஏ: செம்பனை எடை மையங்களுக்கு ஒத்துவருமா?

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் மையங்களுக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். லாரி தராசில் ஏறி நின்றதும் அறையில் இருக்கும் சின்னக் கணினி எடையைப் படிக்கும். ஈப்போவில் இருக்கும் சர்வரை ஜிஆர்பிசி (ஒரு கணினியின் நிரல் இன்னொரு கணினியின் நிரலை அழைக்கும் முறை) வழியாகக் கூப்பிட்டுப் பதிவு செய்யும். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வரும். ஆகவே கூப்பிடுவது எந்த மையம் என்பதில் சர்வருக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது. இந்த வேலைக்குத்தான் ஸ்டெப்-சிஏ போட்டிருக்கிறேன். திறந்த மூல மென்பொருள், காசில்லை. கணினிகளுக்கு அடையாள அட்டை போன்ற சர்டிபிகேட் வழங்கும் அலுவலகம் ஒன்றை நாமே நடத்திக்கொள்ளலாம்.

இதற்கு முன் வேறொருவர் எழுதிக் கொடுத்ததில் எல்லா மையத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட். மைய எண்ணைக் கிளையன்ட்டே, அதாவது கூப்பிடும் கணினியே சொல்லும், சர்வர் நம்பிவிடும். கிராணி (எழுத்தர்) ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒவ்வொரு மையமாக மோட்டாரில் போய் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். யார் போவது? அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேறு கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பகிரும் என்எஃப்எஸ்ஸில்கூட, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ‘நான் இன்ன எண் பயனர்’ என்று கிளையன்ட் சொல்வதைச் சர்வர் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

இப்போது ஒவ்வொரு மையத்துக்கும் தனிச் சாவி (ரகசிய எண்), தனிச் சர்டிபிகேட். சாவி அந்தக் கணினியை விட்டு வெளியே வராது. மையத்தின் பெயரைச் சர்வர் சர்டிபிகேட்டிலிருந்து எடுக்கிறது. அனுப்பும் செய்தியில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில்லை. இதைக் கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளையன்ட் சர்டிபிகேட் கேட்பதற்கு அதில் ஐந்து நிலைகள் உண்டு. அவற்றில் ஒன்று சர்டிபிகேட் கட்டாயம் வேண்டும் என்று கேட்கும், ஆனால் யார் கொடுத்தது என்று பார்க்காது. பெயரைப் பார்த்து ஏமாறாமல் ‘கேள், சரிபார்’ இரண்டும் உள்ளதைப் போடுங்கள்.

நிறுவுவது சுலபம். நாலைந்து கேள்வி கேட்கும், மற்ற சர்டிபிகேட்டுகளுக்கெல்லாம் அடிப்படையான மூலச் சர்டிபிகேட் 10 வருட ஆயுளோடு தயார். புது மையம் சேர்க்க ஒரு டோக்கன் (அனுமதிக் குறியீடு) எடுக்க வேண்டும். அதற்கு 5 நிமிடம்தான் உயிர். தே தாரிக் வந்து சேர்வதற்குள் செத்துவிடும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

பிடிக்காதது, நாம் மாற்றாவிட்டால் கிளையன்ட் சர்டிபிகேட்டுக்கு அது கொடுக்கும் ஆயுள்: 24 மணி நேரம். மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் தானே புதுப்பித்துக்கொள்ள வைக்கலாம், சரி. ஆனால் தீபாவளிக்கு மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகிற மையத்தில் யார் புதுப்பிப்பது? காலாவதியானதை அது சாதாரணமாகப் புதுப்பிக்காது. அனுமதிக்க ஓர் அமைப்பு உண்டு, நான் அதைத் தொடவில்லை. தொட்டால், களவு போன கணினி என்றைக்கு வந்து கேட்டாலும் புதுச் சர்டிபிகேட் கொடுத்துவிடுமே.

அதனால் ஆயுளை 30 நாளாக்கினேன். உச்ச வரம்பு, இயல்பு அளவு இரண்டையும் சேர்த்து உயர்த்த வேண்டும். இதற்கும் ஒரு விலை உண்டு. ரத்து செய்தால் அது புதுப்பிப்பதை மட்டும்தான் நிறுத்தும். கையில் இருக்கும் சர்டிபிகேட் தேதி முடியும்வரை செல்லும். 24 மணி நேரம் என்றால் பொறுக்கலாம், 30 நாள் பொறுக்க முடியாது. ஆகவே தடைசெய்த பெயர்களின் பட்டியல் ஒன்றைச் சர்வரிலேயே வைத்து, ஒவ்வொரு அழைப்பிலும் பார்க்கிறேன்.

அடுத்த தலைவலி கடிகாரம். இதில் ஸ்டெப்-சிஏ மேல் பழி இல்லை. மாலை மழையில் கரண்ட் போய் வந்த ஒரு நாள், கிராணித் தம்பி போன் செய்தான்.

“அக்கா, லைன் இல்லக்கா.”

“யூடியூப் ஓடுதா பாரு.”

“அது ஓடுதுக்கா.”

இந்த வகைச் சின்னக் கணினிகள் பலவற்றில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இணையத்தில் நேரம் கேட்டுச் சரிசெய்யும்வரை பழைய நேரம்தான். அதற்குள் சர்வர் தன் சர்டிபிகேட்டைப் புதுப்பித்திருந்தது. கிளையன்ட்டின் கணக்கில் அது இன்னும் பிறக்காத சர்டிபிகேட், ஆகவே ஏற்க மறுத்தது. வழங்கும்போது தொடக்க நேரத்தை ஸ்டெப்-சிஏ ஒரு நிமிடம் முந்தையதாக எழுதும். மணிக்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்துக்கு அது எந்த மூலைக்கு?

இதில் ஜிஆர்பிசியின் குழப்பம் வேறு. அடையாளம் தவறு என்பதற்கு 16, அனுமதி இல்லை என்பதற்கு 7 என்று தனித்தனி எண் வைத்திருக்கிறது. ஆனால் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) தொடங்கும்போது நடக்கும் கைகுலுக்கலிலேயே சர்டிபிகேட் தேறாவிட்டால் வருவது 14, அதாவது ‘சர்வர் கிடைக்கவில்லை’. கேபிள் அறுந்தாலும் அதே 14. தம்பி லைன் இல்லை என்று சொன்னதில் தப்பே இல்லை. இப்போது சர்வரைக் கூப்பிடுமுன் கடிகாரத்தையும் காலாவதித் தேதியையும் பார்த்து, திரையில் தனி வரியாகக் காட்ட வைத்திருக்கிறேன். நாணய பேட்டரி போட்ட சின்னக் கடிகாரப் பலகையும் எல்லா மையத்திலும் மாட்டியாயிற்று.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரே ஒரு மையம் வைத்திருப்பவர் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். டிஎல்எஸ் போட்டு, நீளமான டோக்கன் ஒன்று வைத்தாலே போதும். இரண்டாவது மையம் திறக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். மூலச் சர்டிபிகேட்டின் சாவியை ஒரு பென்டிரைவில் எடுத்து, சர்வர் இல்லாத இடத்தில் பூட்டி வையுங்கள்.