ரேஷன் அரிசியா, கணக்கில் பணமா?

கடலூரில் எங்களுக்கு அரிசி அட்டை. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பல வருஷம் அரிசிக்குப் பதில் பணம்தான் வந்தது. எங்கள் அட்டையை, அரிசிக்குப் பதில் சர்க்கரை கூடுதலாகத் தரும் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அரிசியே இருக்கட்டும் என்றேன். அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்கிய அக்கா வீட்டு வரவு செலவைப் பார்த்து எடுத்த முடிவு அது.

புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் உணவு மானியத்தைப் பணமாகப் போடும் முறை வந்தது. அரிசியா பணமா என்று முதல்வருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த மோதல் உயர் நீதிமன்றம் வரை போனது.

பணத்தின் பக்கம் இருக்கும் நியாயம் தெரிந்ததுதான்: கடத்தல் குறையும், பிடித்த அரிசியை வாங்கலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு விரியும் என்று பொருளாதாரமும் சொல்கிறது. சரி, ஆனால் அதே பொருளாதாரம் இன்னொன்றும் சொல்கிறது. கிடைக்கும் அரிசி, குடும்பம் எப்படியும் வாங்கப்போகும் அளவைவிடக் குறைவு என்றால், அதுவும் பணம் மாதிரியே வேலை செய்யும். எங்கள் 20 கிலோ மாதக் கடைசிவரை வராது, மீதியைக் கடையில்தான் வாங்குகிறோம். அந்த 20 கிலோவுக்குப் போகாத காசு எண்ணெய்க்கும் பருப்புக்கும் ஆகிறது.

அப்படியானால் மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: விலை ஏறினால் யார் தாங்குவது? 2023 ஜூலையில், பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியையே மத்திய அரசு தடை செய்யும் அளவுக்கு விலை ஏறியிருந்தது. அந்த மாதிரி நேரத்திலும் தராசில் விழும் 20 கிலோ குறையாது, அதன் மதிப்பு தானாகவே கூடிவிடும். பணமோ, தொகையைத் திருத்திக் கோப்பு நகர்ந்து ஆணை வரும்வரை பழைய பணம்தான். அதற்குள் விலையேற்றம் முழுக்க அக்காவின் தலையில். போதாததற்கு, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கியில் பிடித்துக்கொண்டதும் உண்டு.

ரேஷன் கடையில் குறை இல்லாமல் இல்லை. கல் பொறுக்க வேண்டும், சில மாதம் அரிசி பழுப்பாக இருக்கும், அத்தை விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் இயந்திரம் ரேகையை ஏற்காது. ஊர் விட்டு ஊர் போய் வேலை செய்பவர்களுக்குப் பணமே தோதாக இருக்கலாம், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

பணமே வேண்டாம் என்பதில்லை. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை அரிசிக்கு மேல் வருவது, அதனால்தான் அது உதவுகிறது. 2024 தீபாவளியை ஒட்டிப் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தபோது அக்கா முதலில் கேட்டது, இனி மாதாமாதம் அரிசி போடுவார்களா என்றுதான்.