வேர்ல்ட் பிரிசன் பிரீஃப்: தரவரிசையை விடுங்கள், நாட்டுப் பக்கத்தைத் திறங்கள்

பல நாடுகளின் சிறைகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுபவர்களுக்கு வேர்ல்ட் பிரிசன் பிரீஃபைவிட நல்ல இலவசத் தளம் இல்லை. 2000இல் சிறைப் புள்ளிவிவர ஆய்வாளர் ராய் வாம்ஸ்லி தொடங்கிவைத்தது. இப்போது லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஆய்வு நிலையம் நடத்துகிறது. 200க்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. மொத்தக் கைதிகள், ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை கைதிகள், விசாரணைக் கைதிகளின் சதவீதம், பெண்கள், வெளிநாட்டவர், கொள்ளளவு என எல்லாப் பக்கமும் ஒரே வார்ப்பில் இருக்கும்.

வம்பே அந்த ஒரே வார்ப்பில்தான். 'அதிகத்திலிருந்து குறைவு' பட்டியலைத் திறந்து, வரிசையை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டுகிறார்கள். விசாரணைக் கைதி என்ற கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 31 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். இங்கே விசாரணை நீதிமன்றம் தண்டித்ததுமே ஒருவர் தண்டனைக் கைதி ஆகிவிடுவார், மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் சரி. இத்தாலியில் அப்படியில்லை. தீர்ப்பு இறுதியாகும்வரை ஒருவர் குற்றவாளி அல்ல என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவே சொல்வதால், மேல்முறையீட்டில் இருப்பவரும் இறுதித் தண்டனை பெறாதவர் கணக்கில்தான் வருவார். நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு: குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர் தடுப்புக்காவல் கைதி, அவர் இந்த 75.8க்குள் இல்லை.

சீனாவுக்குக் காட்டும் சுமார் 17 லட்சம் பேர் தண்டனை பெற்றவர்கள் மட்டுமே. அமெரிக்காவின் எண்ணில் விசாரணைக் கைதிகள் அதிகம் இருக்கும் உள்ளூர் ஜெயில்களும் சேர்த்தி. இரண்டையும் அருகருகே வைத்து விகிதம் பேசுவது வீண் வேலை. தளத்தைக் குறை சொல்ல முடியாது, நாட்டுப் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே இதற்கான குறிப்பு இருக்கிறது. தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

எல்லை தாண்டிய சங்கதிகளுக்கு இந்த வார்ப்பு இன்னும் பொருந்தாது. 2015 முதல் 2018 வரை நோர்வே, நெதர்லாந்தின் நோர்கர்ஹாவன் சிறையில் 242 இடங்களை வாடகைக்கு எடுத்தது. சிறைத் தலைவர் நோர்வேக்காரர், காவலர்கள் டச்சுக்காரர்கள், நடந்தது நோர்வேயின் தண்டனை நிறைவேற்றச் சட்டம். அந்தக் கைதிகள் எந்த நாட்டுக் கணக்கில் வருகிறார்கள் என்பதை இரண்டு பக்கமும் சரிபார்க்காமல் அந்த ஆண்டுகளின் எண்ணை எடுக்கக்கூடாது. வெளிநாட்டவர் சதவீதமும் இப்படித்தான். சுவிட்சர்லாந்தில் அது 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 'குடியேறிகளின் குற்றம்' என்று எழுதும் முன், அதில் எத்தனை பேர் விசாரணைக் காவலில் இருக்கிறார்கள், குடியேற்றத் தடுப்புக் காவலும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய குறை, ஒரு நாளில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதுதான் கிடைக்கும். ஆண்டுக்கு எத்தனை பேர் நுழைந்தார்கள், சராசரியாக எத்தனை மாதம் இருந்தார்கள் என்பது வேண்டுமானால், ஐரோப்பிய நாடுகளுக்கு ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கையான ஸ்பேஸ் ஒன்று (SPACE I) மேல். ஐரோப்பாவுக்கு வெளியே அதுவும் கைகொடுக்காது.

மேற்கோள் காட்டும்போது பார்த்த தேதியோடு, எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள கணக்கு நாளையும் எழுதுங்கள். புதிய எண் வந்ததும் பக்கம் மாறிவிடும். திறந்த அன்றே பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுவது நல்லது.