குண்டு ஹப்பா, சீல் பேரிங்கா?

என் சைக்கிளின் பின்சக்கர ரிம் தேய்ந்துவிட்டதால் அண்மையில் புதுச் சக்கரம் கட்ட வேண்டியிருந்தது. கடைக்காரர் இரண்டு ஹப்களை (சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றி உருளும் பகுதி) எடுத்து வைத்தார். ஒன்று பழைய வகை: ஹப்பில் உள்ள கப் என்னும் கிண்ணத்துக்கும் அச்சில் திருகும் கோன் என்னும் கூம்புக்கும் நடுவே தனித்தனிக் குண்டுகள் ஓடும். மற்றது, குண்டுகளை இரண்டு வளையங்களுக்கு நடுவே வைத்து மூடிய சீல் பேரிங் வகை. நான் குண்டு ஹப்பையே எடுத்துக்கொண்டேன். "இந்தக் காலத்தில் யாராவது இதை வாங்குவார்களா?" என்று கேட்பவர்களுக்காக இந்த அலசல்.

ஓட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு எது அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பது வீண் வேலை. கிரீஸ் குறைவாக இருந்தாலே சக்கரம் நெடுநேரம் சுற்றும். அது நல்ல அறிகுறி அல்ல. எடையைப் பற்றி, தினமும் வேலைக்குப் போய்வருபவர் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய வகை என்பதால் மட்டம் என்றும் சொல்ல முடியாது. ஷிமானோ தனது விலையுயர்ந்த பந்தயச் சக்கரங்களிலும் கப், கோன் அமைப்பையே வைத்திருந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. நான் ஓட்டுவது சென்னையில். ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தண்ணீர் நின்றால் ஹப் முழுகிவிடும். எந்த வகையானாலும் நீர் உள்ளே போகத்தான் செய்யும். போன பிறகு என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

குண்டு ஹப்பைத் திறக்க இரண்டு மெல்லிய கோன் ஸ்பானர் போதும். நீர் புகுந்த கிரீஸ் பால் காப்பியின் நிறத்தில் இருக்கும். குண்டுகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின் கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் ஒரே சீராகப் பளபளத்தால் நல்லது. ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி தெரிந்தாலும் கோனை மாற்றிவிட வேண்டும். குண்டுகளை எப்போதும் மொத்தமாகவே மாற்றுங்கள். தேய்ந்ததோடு புதிதைக் கலந்தால் பெரிய குண்டுகளே பாரம் முழுவதையும் சுமக்கும். பின்சக்கரத்துக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குலக் குண்டு. முன்சக்கரத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலம். கப்பில் புது கிரீஸைத் தாராளமாக அப்பினால் குண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும்.

சிரமம் இருப்பது கோனை இறுக்குவதில்தான். சரியாக வைத்துவிட்டு அதை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை முறுக்கினால் கோனும் கூடவே நகர்ந்துவிடும். குவிக் ரிலீஸ் (லீவரை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும் அமைப்பு) உள்ள சக்கரத்தில் மயிரிழை ஆட்டம் விட்டுவைக்க வேண்டும்; லீவரை மடக்கும்போது அச்சு அழுந்தி அந்த ஆட்டம் மறையும். கை பழகும்வரை பொறுமையைச் சோதிக்கிற வேலை இது. இன்னொரு குறையும் உண்டு. கோன் போனால் மாற்றலாம். கப் குழிந்துவிட்டால் பெரும்பாலான ஹப்களில் ஹப்பே போனது மாதிரிதான். அதனால்தான் கரகரப்பு கேட்ட அன்றே திறந்துவிட வேண்டும் என்கிறேன்.

சீல் பேரிங்கில் இந்தத் தொல்லைகள் இல்லை. நல்ல நாட்களில் அதை மறந்தே போகலாம். ஆனால் கரகரக்கத் தொடங்கிவிட்டால் கழற்றி எறிந்து புதிது போடுவதே வழி. ரப்பர் மூடியைக் கத்தி முனையால் நெம்பிக் கழுவி, மீண்டும் கிரீஸ் வைக்கலாம்தான்; குண்டு ஓடும் தடமான ஓடுதளம் குழிந்திருந்தால் அதனால் பயனில்லை. புதிதைப் பொருத்தும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுதளத்தில் பள்ளம் விழும், புதுப் பேரிங் அப்போதே பாழ். அப்படி அழுத்துவதற்கான பிரஸ் கருவி எல்லாத் தெருமுனைக் கடைகளிலும் இருப்பதில்லை. கோனும் குண்டும் அங்கேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மலைப்பாதையிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் சீல் பேரிங்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள். என் ஓட்டம் நகரச் சாலையோடு முடிந்துவிடுவதால் அவர்களோடு வாதாட மாட்டேன். கையில் கிரீஸ் படுவதே பிடிக்காதவர்களுக்கும் அதுவே பொருத்தம். அப்படி வாங்கினால், மூடியில் உள்ள எண்ணை முதல் நாளே குறித்துவையுங்கள். 6001, 6902 இரண்டுக்கும் வெளிவிட்டம் 28 மி.மீ. தான், ஆனால் அச்சுத் துளை முதலாவதில் 12 மி.மீ., இரண்டாவதில் 15. கண்ணளவில் பார்த்து வாங்கி வந்தால் கடைக்கு இன்னொரு நடை போக வேண்டியிருக்கும்.