‘28’ என்றால் எந்த 28?

இலங்கையில் களுவாஞ்சிக்குடிப் பக்கம், உறுப்பினர் வீட்டில் மரணம் நேர்ந்தால் உதவும் ஒரு மரணாதாரச் சங்கத்தின் பழைய கொப்பிகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். பிறந்த திகதியெல்லாம் 14/03/28 என்ற மாதிரித்தான் இருந்தது. எக்ஸெலில் போட்டதும், தொண்ணூறைத் தாண்டிய ஒரு அம்மம்மா 2028இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிட்டார். வயது கழித்தல் குறியோடு வந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால், வயதுவாரியாகப் பிரித்த எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வந்திருக்காது.

ஈரிலக்க ஆண்டு எந்த நூற்றாண்டு என்று தீர்மானிக்கப் பலரும் முதலில் எடுப்பது நிலையான வெட்டுப்புள்ளி. எக்ஸெல் வழமையாக 00 முதல் 29 வரை 2000களிலும், மிச்சத்தை 1900களிலும் வைக்கும். பைதன் என்ற கணினிமொழி 69இல் வெட்டும். 68 என்றால் 2068, 69 என்றால் 1969. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 70இல். 34இல் பிறந்தவர் எக்ஸெலில் தப்புவார், பைதனில் 2034க்குப் போய்விடுவார். பற்றுச்சீட்டுத் திகதிக்கு இது போதும். பிறந்த திகதிக்கு நான் தொடமாட்டேன்.

அடுத்தது நகரும் சாளரம். ஜாவா என்ற கணினிமொழியின் பழைய திகதி வாசிப்பான் இன்றிலிருந்து 80 ஆண்டு பின்னும் 20 ஆண்டு முன்னும் பார்க்கும். முதியோர் இதிலும் மாட்டுவார்கள். அதைவிடக் கெட்டது, 2025இல் ‘50’ஐ 1950 என்று வாசித்த அதே மென்பொருள் 2031இல் 2050 என்று வாசிக்கும். கோப்பில் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது.

எனக்குக் கைகொடுத்தது பக்கத்து நிரலில் இருந்த அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அம்மம்மாவின் இலக்கம் 28574 என்று தொடங்குகிறது. 574இல் 500 போக 74, அதாவது மார்ச் 14. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே எண்ண வேண்டும். மறந்தால் சாதாரண ஆண்டுகளில் மார்ச் முதல் ஒரு நாள் பிசகும். சரி, நூற்றாண்டு? 2016இல் பன்னிரண்டு இலக்க அட்டை வந்துவிட்டது, அதில் ஆண்டு நான்கு இலக்கம். அதுவரை அட்டை எடுக்கும் வயது 16; 2000இல் பிறந்தவர்களுக்கு 16 வயதானதே அந்த ஆண்டில்தான். ஆகவே பழைய அட்டை என்றால் 19 என்று முன்னால் போடலாம்.

அட்டை இல்லாத வரிகளுக்குச் சேர்ந்த ஆண்டைப் பார்த்தேன். 1985இல் சேர்ந்தவர் 2010இல் பிறந்திருக்க முடியாது. அதிலும் பிடிபடாதவற்றை ஊகிக்காமல் வெறுமையாக விட்டு, அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வீடுவீடாகப் போய்க் கேட்டு வந்தார்.

இப்போது தரவுத்தளத்தில் ஆண்டு நான்கு இலக்கத்தில் இருக்கிறது. கொப்பியில் இருந்த ஈரிலக்கத்தையும் தனி நிரலில் அப்படியே வைத்திருக்கிறேன். என் முடிவு எங்காவது பிழை என்றால் அங்கிருந்து திருத்தலாம்.